சத்து மாத்திரை: யாருக்குத் தேவை, யாருக்கு இலாபம்?



கிளைக் கூட்டங்கள் முடிந்தபின், தேநீர் வேளையில், தோழர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் வைட்டமின் அட்டை ஒன்றைத் தந்தார். அதைத் தொடர்ந்து சாப்பிடலாமா? இதற்கு மருத்துவ அறிவியல் தரும் விடை ஒன்று. அந்த அட்டைக்கு ஏன் அந்த விலை என்பதற்கு அரசியல் பொருளாதாரம் தரும் விடை மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதுவும் முழுமையாக விளங்காது.

உண்மையில் பலன் தரும் வைட்டமின் மாத்திரைகள் மிகச் சில. அவை எல்லாமே மலிவானவை. அவற்றுள் பலவற்றை இலவசமாகத் தர அரசு கடமைப்பட்டுள்ளது. பெரும் விளம்பரத்தோடு பெரும் விலைக்கு விற்கப்படுபவையோ பெரும்பாலோருக்குத் தேவையற்றவை. தேவையுள்ளவரை மருந்து எட்டவில்லை. தேவையில்லாதவரை விளம்பரம் விடவில்லை என்பதே இன்றைய இந்தியாவின் நிலை.

வைட்டமின்களின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்தியத் தொழிலாளிப் பெண்களிடமிருந்து தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி வந்தனர். கிருமி ஏதும் காரணமாகத் தென்படாத நிலையில், வில்ஸ் அவர்களுடைய வாழ்நிலையையும் உணவையும் ஆராய்ந்தார். உணவு எவ்வளவுக்கு எவ்வளவு வறியதாக இருந்ததோ அவ்வளவுக்கு நோயும் அதிகமாக இருந்தது. அதே வகை உணவைக் கொடுத்து வளர்த்த விலங்குகளுக்கும் அதே போன்ற இரத்தசோகை வந்தது. அந்நாளில் இதற்கென இருந்த ஈரல் சாறு ஏழைகளால் வாங்க இயலாத விலையில் இருந்தது. ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்னும் மலிவான உணவுப் பண்டத்தால் அந்நோயைக் குணப்படுத்த முடியும் என்பதை வில்ஸ் கண்டறிந்து, 1931இல் வெளியிட்டார். அதனுள் இருந்த, அப்போது இன்னதென்று அறியப்படாத சத்து ‘வில்ஸ் காரணி’ எனப்பட்டது. பின்னாளில் அது ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

அந்த ஃபோலிக் அமிலத்தை 1945இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டவர். ஃபோலிக் அமிலக் குறைவோடு தொடர்புள்ள ஸ்ப்ரூ நோய்க்குத் தம் தமையனைப் பறிகொடுத்தவர். பாடநூல்களில் அவருக்கு உரிய இடம் இன்றும் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் கடக்க இயலாது.

1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு ஒன்று, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், முன்பு நரம்புக்குழல் குறைபாட்டுடன் குழந்தை பெற்ற தாய்மாருக்கு அக்குறைபாடு மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைகிறது என நிறுவியது. வைட்டமின் மாத்திரைகளின் வரலாற்றில் இவ்வளவு தெளிவான வெற்றிகள் அதிகம் இல்லை. அந்த மாத்திரையோ மருந்துக்கடையில் இருப்பவற்றுள் மிக மலிவானவற்றில் ஒன்று.

இனி, யாருக்குத் தேவை? கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ. காசநோய்க்கு ஐசோனியசிட் உண்போருக்கு, நரம்பு பாதிக்காமல் இருக்க பி6. இறைச்சி, மீன், முட்டையோடு பாலையும் குறைவாக உண்போருக்கும், நீரிழிவுக்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்போருக்கும், முதியோரில் பலருக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனையில் உறுதியானால் அது அவசியம். வெயிலே படாமல் அறைக்குள் உழைப்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வைட்டமின் டி தேவைப்படலாம். 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 10 முதல் 19 வயதுவரை உள்ளோரில் 31 சதவீதத்தினருக்கு பி12 குறைபாடும், 37 சதவீதத்தினருக்கு ஃபோலேட் குறைபாடும், 24 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி குறைபாடும் இருப்பதைக் காட்டியது. ஆகவே, குறைபாடு என்பதே மருந்து நிறுவனங்களின் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது. பிரச்சினை அங்கே இல்லை.

குறைபாடு இல்லாதவர் ‘பாதுகாப்புக்காக’ உண்ணும் மாத்திரையில்தான் பிரச்சினை. 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2018இல் முடிவு வெளியான ஆய்வில், நாள்தோறும் எடுத்த வைட்டமின் டி புற்றுநோய் வருவதையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. எலும்பு முறிவையும் குறைக்கவில்லை என்று அதே ஆய்வின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. தீங்கும் நேர்ந்துள்ளது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்று கூடியதை 1994இல் கண்டனர். வைட்டமின் ஈ உண்ட ஆண்களிடையே புராஸ்டேட் புற்று 17 சதவீதம் அதிகரித்ததை 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. கோவிட் காலத்தில் கடைகளில் தீர்ந்துபோகும் அளவுக்கு மக்கள் வாங்கிய வைட்டமின் சி, துத்தநாக மாத்திரைகள் வீட்டிலிருந்த நோயாளிகளின் அறிகுறிகளைக் குறைத்ததாக ஆய்வில் நிரூபணமாகவில்லை.

இன்னொரு தீங்கு இவற்றினும் பெரிது. அசதி என்று வரும் தொழிலாளிக்கு ஒரு ‘சத்து ஊசி’யோ, ஒரு பாட்டில் குளுக்கோஸோ, ஒரு டானிக்கோ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அசதியின் பின்னால் காசநோயோ, நீரிழிவோ, கொக்கிப்புழுவோ, மாதவிடாய்ப் பெருக்கோ, பன்னிரண்டு மணி நேர வேலையோ இருக்கலாம். அவை கண்டறியப்படாமல் மாதங்கள் கழிகின்றன. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு எந்த மருந்துக்கடையிலும் மாத்திரை கிடையாது.

விலைக்கு வருவோம். 1999இல் உலகமே அறிந்த வழக்கு ஒன்று உண்டு. ரோச், பிஏஎஸ்எஃப் முதலிய நிறுவனங்கள் 1990களில் இரகசியமாகக் கூடி, உலக வைட்டமின் சந்தையைப் பங்குபோட்டு, விலையை உயர்த்தி வைத்திருந்தது அம்பலமானது. அமெரிக்காவில் ரோச் 50 கோடி டாலரும், பிஏஎஸ்எஃப் 22.5 கோடி டாலரும் அபராதம் கட்டின. 2001இல் ஐரோப்பிய ஆணையம் எட்டு நிறுவனங்களுக்கு 85 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. ‘தடையற்ற சந்தைப் போட்டி’ குறித்து ஓயாமல் பேசும் பொருளாதார நிபுணர்கள் இவ்வழக்கை அதிகம் நினைவூட்டுவதில்லை.

இந்தியா வேறொரு பாதையில் நடந்த காலம் இருந்தது. 1961இல் சோவியத் உதவியுடன் தொடங்கப்பட்ட ஐடிபிஎல் பொதுத்துறை நிறுவனத்தின் ஹைதராபாத் ஆலையில் பல மருந்துகளோடு வைட்டமின் வகைகளும் உற்பத்தியாயின. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் உள்நாட்டு உற்பத்திக்கு வழி திறந்தது. 1975இல் ஹாத்தி குழு, வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து, மருந்தின் பொதுப்பெயரிலேயே விற்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் பின் வந்த 1979ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணை உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்டது. தாராளமயத்தின் தொடக்க ஆண்டுகளில், 1992இல், ஐடிபிஎல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. இன்று வைட்டமின் மூலப்பொருளின் பெரும்பகுதிக்கு நாடு சீன இறக்குமதியை நம்பியிருக்கிறது.

2013ஆம் ஆண்டு ஆணை உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொள்வதையே கைவிட்டது. சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள நிறுவனங்கள் விற்கும் விலைகளின் சராசரியோடு 16 சதவீதம் சில்லறை இலாபம் சேர்த்தால் அதுவே உச்சவரம்பு. கொள்ளை விலையைச் சராசரி எடுத்தால் சராசரிக் கொள்ளைதான் கிடைக்கும்! அதுவும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கே பொருந்தும். தயமின், ரிபோஃபிளேவின், நிகோடினமைடு, பிரிடாக்சின், வைட்டமின் ஏ, சி, டி ஆகியவை தனித்தனியே அப்பட்டியலில் உள்ளன. இவற்றோடு இன்னும் இருபது பொருள்களைக் கலந்து ஒரு கேப்சூலாக்கினால் உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது. ஆண்டுக்கு 10 சதவீதம் விலையேற்றவும் உரிமை உண்டு. அதைவிட வசதியான வழி, மருந்து உரிமமே வாங்காமல், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் ‘உணவுத் துணைப்பொருள்’ என விற்பது. அப்போது மருந்து விலைக் கட்டுப்பாட்டின் எல்லைக்கே அது வராது.

ஆகவே வாங்கும்போது அட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 14 இலக்க உணவு உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்னும் ஆங்கில வாசகமும் இருந்தால், கடைக்காரர் மருந்தென்று கொடுத்தது சட்டப்படி மருந்தே அல்ல. வணிகப் பெயரைக் கேட்காமல், உள்ளே இருப்பது எது, எத்தனை மில்லிகிராம் எனக் கேட்பது அடுத்தது. மருத்துவர் பி12 எழுதினால் பி12 மட்டும் போதும். அதோடு ஜின்செங்கும் மீன் எண்ணெயும் சேர்ந்த கேப்சூல் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், கால்சியம் ஆகியவற்றுக்குக் காசு இல்லை. அங்கே கிடைக்காதபோது மக்கள் மருந்தகங்களில் பொதுப்பெயர் மருந்தை வாங்கலாம். வணிகப் பெயர் கொண்டவற்றைவிட 50 முதல் 90 சதவீதம்வரை விலை குறைவு என்று அரசே சொல்கிறது. ஒரே பொருளுக்குச் சந்தை எவ்வளவு அதிகம் வாங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு ஒப்புதல் வாக்குமூலம் தேவையில்லை. ஆயினும் மருத்துவர்கள் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதி, அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு என்று மருத்துவர் சங்கம் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்குத் தீர்வு தரப் பரிசோதனையை வலுப்படுத்துவதே அன்றி, விதியைக் கைவிடுவது அல்ல.

மாத்திரைக்கு முந்தையது உணவு. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் தானியத்தை மட்டுமே உரிமையாக்கியது. பருப்பும் எண்ணெயும் அதில் இல்லை. புரதமும் வைட்டமின் ஏ, டி, பி12 ஆகியவையும் ஒருங்கே உள்ள முட்டையை, 2015இல் மத்தியப் பிரதேச பாஜக அரசு அங்கன்வாடிக்குத் தர மறுத்தது. 2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பள்ளி மதிய உணவில் முட்டைக்கான நிதியை நிறுத்தியது. குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்த அரசுகளே, சோற்றில் வைட்டமின் தூளைச் சேர்த்தன. செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டத்தை 17,082 கோடி ரூபாயில் 2028 டிசம்பர்வரை நீட்டிக்க 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தாலசீமியாவும் அரிவாள் செல் இரத்தசோகையும் உள்ள பழங்குடிப் பகுதிகளில், யாருக்கு ஏற்றது எனப் பாராமல் எல்லோருக்கும் இரும்பு சேர்ந்த அரிசியைக் கொடுப்பது குறித்து ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் உணவு உரிமை இயக்கத்தினர் எழுப்பிய ஐயங்கள் அலட்சியப்படுத்தப்பட்டன. அரிசியில் சேர்க்கும் அந்தத் தூளின் உலகச் சந்தையில் முன்னணியில் இருப்பவற்றுள் அதே பிஏஎஸ்எஃப்பும், 2003இல் ரோச்சின் வைட்டமின் தொழிலை வாங்கிய டிஎஸ்எம்மும் உண்டு.

கடைசியாக, கையருகே இருக்கும் மாத்திரையின் கதை. இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970இலிருந்து உள்ளது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. கர்ப்பகாலத்தில் 180 நாள்கள் மாத்திரை உண்டவர்கள் 26 சதவீதமே. இதற்குப் பெண்களின் அறியாமைமீது பழிபோடுவது அதிகாரிகளுக்கு எளிது. மாத்திரை உண்டால் மலம் கறுப்பாகும், அது ஆபத்தன்று. குமட்டினால் உணவுக்குப் பின் உண்ணலாம். தேநீருடனோ கால்சியம் மாத்திரையுடனோ சேர்த்து உண்டால் சத்து உடலில் சேராது. இதையெல்லாம் வீட்டுவாசலில் அமர்ந்து, பொறுமையாக, பலமுறை சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஆஷா ஊழியர். மாத்திரை கையிருப்பு இல்லாத நாளில் மக்களின் வசையை வாங்குபவரும் அவரே. தமிழ்நாட்டின் மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் செய்வதுபோல, மாநில அரசே பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, கிடங்குகள் வழியே விநியோகித்தால் கையிருப்புப் பிரச்சினை பெருமளவு தீரும். கேரளமும் ராஜஸ்தானும் அம்முறையைப் பின்பற்றின.

ஆஷா ஊழியரை ஒன்றிய அரசு இன்றும் ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கிறது. ஊதியம் என்ற சொல்லைத் தவிர்த்து ஊக்கத்தொகை என்கிறது. அவரையும் அங்கன்வாடி, மதிய உணவு ஊழியர்களையும் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்க வேண்டும் என 2013 மே மாதம் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அம்மாநாட்டில் ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் முதலாளிகளின் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்தனர். அப்பரிந்துரை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.