கொட்டுக்காளி: ஆட்டோவில் இல்லாத ஒருவன்

பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி 2024 ஆகஸ்டில் வெளியான 'கொட்டுக்காளி'யைக் குற்றப்படம் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன். ஒடுக்கப்பட்ட சாதி இளைஞனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டதாகச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். இது கடத்தல். செய்வது சொந்தக் குடும்பம் என்பதால் நமக்கு அப்படித் தெரிவதில்லை.

அதைத் தெரியவைப்பதுதான் படத்தின் பலம். பின்னணி இசை கிடையாது. ஒரு பாட்டை முணுமுணுத்ததற்காகப் பாண்டி மீனாவை அடிக்கிறான், மற்ற பெண்களையும் அடிக்கிறான். பிறகு எதுவும் நடக்காததுபோல் பயணம் தொடர்கிறது. வழிமறிக்கும் காளைமுன் ஆண்கள் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிப்போகிறாள். ஆண்ட பெருமை பேசும் மீசைகளுக்கு அதுவே போதும்.

பலவீனமும் உண்டு. அந்தக் காதலன் திரைக்கே வருவதில்லை. பாண்டி மனம் மாறுவானா என்ற கேள்வியோடு படம் முடிகிறது. அடித்தவனின் மனசாட்சிக்காகக் காத்திருக்கும் நாம், உயிருக்கு ஆபத்துள்ளவன் எங்கே என்று கேட்க மறக்கிறோம்.

இந்த மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பேருந்தில் ஏறுகிறவர்கள் அப்படி மறக்க முடியாது. 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பிய மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்கள் சிலரும் வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நம் ஊர்ச் சாலைகளில் குற்றம் யார்மீது நிகழ்கிறது என்பதற்கு அந்தப் பேருந்தே சாட்சி.

கொட்டுக்காளியைப் பாருங்கள், வீட்டாரோடு சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் அந்த இளைஞனைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள்.