பூட்டும் வாங்கியவரும்



பயணச்சீட்டு இல்லாதவரைப் பிடிப்பதற்காக நிலைய வாயில்களையெல்லாம் அடைத்தால், சீட்டு வாங்கியவரே வண்டியைத் தவறவிடுவார். இருப்புப்பாதை எழுத்தராகிய நாம் இதனை நன்கறிவோம். நம் இல்லத்துச் சிறுவர் ஆடும் கணினி விளையாட்டுகளிலும் இந்நிலையே காண்கிறோம்.

திருட்டுப் படியைத் தடுக்க எண்ணி, 2008-இல் வெளிவந்த ‘ஸ்போர்’ விளையாட்டை மூன்று முறை மட்டுமே பதியலாமென்று முதலில் விதித்தனர். பூட்டு உடைந்து களவுப் படிகள் பரவின. கட்டுண்டவர் பணம் கொடுத்தவரே. 2010-இல் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ கணினிப் பதிப்பு இடையறாத இணையத் தொடர்பை வேண்டிற்று. மார்ச்சுத் திங்களில் நிறுவனத்தின் வழங்கிகள் தாக்குண்டு முடங்க, விலை கொடுத்தவர் ஆட இயலாது திகைத்தனர்.

எனினும் பூட்டே வேண்டாவென்று உரைக்கலாமா? பெங்களூரில் 1997-இல் துருவா இன்டராக்டிவ் தோன்றியது முதல், விளையாட்டு ஆக்கத்தால் வாழும் குடும்பங்கள் இங்கும் உள. உழைப்புக்கு ஊதியம் வேண்டும். 2012-இல் திருத்தப்பெற்ற நம் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்போர்க்கு ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு விலக்கும் அளிக்கிறது.

ஆகவே பெற்றோரே, களவுப் படியை வீட்டினுள் விடாதீர். ஆக்குவோரும் வாங்கியவரைக் கள்வராய் எண்ணற்க.