பயறினமும் தமிழ்ப்பெயரும்

(பல்லடத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நிலைத்திணை நூலார் பயறினக் குடும்பம் என ஒன்றைக் கூறுவர். விதைகளை வரிசையாகத் தாங்கி, பெரும்பாலும் இரு விளிம்பிலும் வெடித்துத் திறக்கும் நெற்றே அதன் அடையாளம். அவரை, துவரை, உழுந்து, கொள் ஆகியவை அதில் அடங்கும் என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். புளியும் புங்கும், வேலும் வாகையும், கொன்றையும் ஆவிரையும், அகத்தியும் அவுரியும் அதில் அடங்கும் என்றால் சிலர்க்கு வியப்பாக இருக்கும். எண்ணெய்க் குளியலுக்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் அரப்பும் சீயக்காயும்கூட இக்குடும்பத்தனவே. உலகில் ஏறத்தாழ 765 பேரினங்களும் 19,500 சிற்றினங்களும் இதன்பாற்படும். பூக்கும் செடிகளுள் இதனினும் பெரியவை ஆர்க்கிடுக் குடும்பமும் செவ்வந்திக் குடும்பமும் ஆகிய இரண்டே.

இச்செடிகளை முன்வைத்து நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே. நம் மக்கள் இவற்றைக் கூர்ந்து நோக்கிப் பெயரிட்டனர். அப்பெயர்களை நாம் கைவிடும்போது அந்நோக்கையும் சேர்த்துக் கைவிடுகின்றோம்.

முதலில் அறிவியலார் வகுத்த முறையைக் காண்போம். நெடுங்காலமாக அவர்கள் இக்குடும்பத்தைப் பூவின் அமைப்பைக் கொண்டு மூன்றாகப் பிரித்து வந்தனர். அவரைப்பூவை எடுத்துப் பாருங்கள். மேலே விரிந்த கொடியிதழ் ஒன்று. இரு பக்கமும் சிறகிதழ் இரண்டு. கீழே படகுபோல் இணைந்த இதழ் இரண்டு. வண்ணத்துப்பூச்சி அமர்ந்தாற்போன்ற இப்பூவை உடையவை முதல் வகை. கொன்றைப்பூவைப்போல் இதழ்கள் ஏறத்தாழ ஒத்து விரிந்தவை இரண்டாம் வகை. வேலம்பூவைப்போல் இதழ் சிறுத்துத் தாதிழைகளே பூம்பந்தாகத் தோன்றுபவை மூன்றாம் வகை. மாணவர் எளிதில் கற்கத்தக்க பிரிவு இது.

ஆயினும் 2017-ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர் கூடி, மரபணுச் சான்றுகளைக் கொண்டு, மூன்றை ஆறாக மாற்றினர். வேலும் வாகையும் கொன்றையோடு ஒரே பிரிவில் சேர்ந்தன. முன்பு கொன்றையோடிருந்த புளி வேறொரு பிரிவுக்குச் சென்றது. சோழர் சூடிய ஆத்தி மற்றொரு பிரிவுக்குச் சென்றது. புதிய சான்று கிடைத்ததும் பழைய முடிபை மாற்றிக்கொள்வது அறிவியலின் குறையன்று, அதன் நேர்மை.

இனி நம் கரிசலிலும் செம்மண்ணிலும் நிற்கும் வேலமரத்துக்கு வருவோம். வேல் என்பது இனப்பெயர். பட்டை கறுத்து வெடித்திருப்பது கருவேல். பட்டை வெளுத்திருப்பது வெள்வேல். தலை குடைபோல் பரந்திருப்பது குடைவேல். இனத்தைக் குறிக்க ஒரு சொல், இனத்துள் வேறுபாட்டைக் குறிக்க ஓர் அடைமொழி. சுவீடன் நாட்டு இலின்னேயசு 1753-ஆம் ஆண்டில் தம் நூலில் நிலைபெறச் செய்த இருசொற்பெயர் முறையும் இவ்வமைப்பினதே.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. வெள்வேலுக்கு இராக்சுபர்க் என்னும் அறிஞர் சூட்டிய சிற்றினப் பெயர் 'இலியூக்கோபுளோயா' என்பது. கிரேக்கத்தில் அதன் பொருள் வெள்ளைப் பட்டை. குடைவேலுக்கு இராபர்ட்டு வைட்டும் ஆர்னாட்டும் 1834-இல் இட்ட 'பிளானிபிரான்சு' என்னும் பெயர்க்குத் தட்டையான தழைப்பரப்பு என்பது பொருள். அவ்வைட்டு பின்னாளில் நம் கோவையிலேயே தங்கிப் பருத்தி ஆய்வு நடத்தியவர். இரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்கள் வரைந்த படங்களோடு தென்னாட்டுச் செடிகளைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர். கற்றறிந்த நிலைத்திணை நூலார் கண்டதும், ஆடு மேய்த்த நம் குடியானவர் கண்டதும் ஒரே பட்டை, ஒரே தழை. இருவரும் கண்ட பின்னரே பெயரிட்டனர்.

கருவேலின் இலத்தீன் பெயரோ பலமுறை மாறிவிட்டது. இலின்னேயசு அதனை மிமோசா என்றார். பின்வந்தோர் அக்கேசியா என்றனர். 2005-இல் வியன்னாவிலும் 2011-இல் மெல்பர்னிலும் கூடிய உலக மாநாடுகளின் முடிபால் அக்கேசியா என்னும் பெயர் ஆத்திரேலிய மரங்களுக்கே உரித்தாயிற்று. நம் கருவேலும் வெள்வேலும் வச்செல்லியா ஆயின. இத்தனை மாற்றத்திலும் நம் ஊர்க் கிழவர் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அவர்க்குக் கருவேல் கருவேலே.

பயறுகளில் நேர்ந்தது இதனினும் விந்தையானது. பாசிப்பயற்றுக்கு வடநாட்டில் மூங்கு என்று பெயர். அச்சொல்லிலிருந்து வந்த 'முங்கோ' என்னும் இலத்தீன் அடைமொழி இன்று நிற்பது பாசிப்பயற்றின் மேலன்று, உழுந்தின் மேல். விதிப்படி முதலில் இட்ட பெயரை மாற்றவியலாமையால், விக்னா முங்கோ என்றால் உழுந்து என்றே உலகம் கொள்ள வேண்டியுள்ளது. தமிழிலோ உழுந்து வேறு, பயறு வேறு. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் திருமண விருந்துக்கு வந்த உழுந்தை இன்றும் அதே பெயரால் ஆட்டுக்கல்லில் இடுகின்றோம். கொள்ளும் பாசிப்பயறும் தென்னாட்டில் விளைந்தமைக்குப் பெல்லாரியை அடுத்த சங்கனகல்லு முதலிய புதிய கற்கால இருப்பிடங்களில் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான சான்றுகள் கிடைத்துள்ளன.

பழம்பெயர்களைக் காத்தது மட்டுமன்று. வந்தேறிய செடிகட்கும் நம் மக்கள் தமிழிலேயே பெயர் சூட்டினர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிரொன்று மேலே பூத்து, விழுதிறக்கி, நிலத்துள் காய்ப்பதைக் கண்டனர், நிலக்கடலை என்றனர். அமெரிக்க மரமொன்றின் இலைகள் மாலையில் மடிந்து தொங்கக் கண்டனர், தூங்குமூஞ்சி என்றனர். தொட்டால் சுருங்குவதைத் தொட்டாற்சுருங்கி என்றனர். புளியங்காய்போல் வளைந்து காய்த்ததைக் கொடுக்காய்ப்புளி என்றனர். வேல்போல் முள்ளும் தழையும் உடையதாய்க் கடல்கடந்து வந்ததைச் சீமைக்கருவேல் என்றனர். இவையனைத்தும் பயறினத்தனவே. இப்பெயர்களுக்காக எந்தக் குழுவும் கூடவில்லை. எந்த ஆணையும் பிறக்கவில்லை. பார்த்தவர் பெயரிட்டார், கேட்டவர் ஒப்பினார்.

பின்னாளில் தீவனத்துக்கும் தழையுரத்துக்கும் வந்த இதே குடும்பத்துச் செடிகளைப் பாருங்கள். ஒன்று சூபாபுல், மற்றொன்று கிளைரிசிடியா. அவை தாள்வழி வந்தன; தாளில் இருந்த பெயரோடே நின்றுவிட்டன. நிலக்கடலை என்று சொல்லத் தெரிந்த நாவுக்கு இவற்றைப் பெயரிடத் தெரியாமற் போனதன் கரணியம் என்ன? சொல்வளம் குன்றியதன்று. பெயரிடும் உரிமை தனக்கில்லை, அஃது அலுவலகத்துக்கும் நூலுக்கும் உரியது என்று உழவன் எண்ணத் தொடங்கியதே கரணியம். நம் இயக்கத்தார் ஆழ்ந்து கருத வேண்டிய இடம் இதுவென்பேன்.

நேரிய ஆய்வாளர் நம் பெயர்களின் எல்லையையும் கூறவேண்டும். அவரையும் மொச்சையும் நமக்கு இரண்டு. செடிநூலார்க்கு ஒரே சிற்றினம். கொடியாகப் பந்தலேறிப் பிஞ்சிலேயே கறியாவதை அவரை என்றோம். காட்டில் விளைந்து பருப்பாவதை மொச்சை என்றோம். சீமைக்கருவேல் தோற்றத்தால் வேலைப் போன்றதாயினும் உறவால் வன்னிக்கே நெருங்கியது. ஒரே மரம் ஓரூரில் உசில், மற்றோரூரில் அரப்பு. ஆகவே பிறநாட்டாரோடு ஆராய இலத்தீன் பெயர் வேண்டும். அதனை நம் மாணவர் பழுதறக் கற்கவேண்டும். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழுடையதைப் புல்லென்றும் அகத்தே காழுடையதை மரமென்றும் பிரித்தது. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிற்று. இவை நமக்குப் பெருமையே. ஆயின் அப்பெருமையைப் பேசிக்கொண்டே வேலியிலுள்ள செடியின் பெயரறியாமல் இருப்போமாயின், அப்பேச்சால் விளைவது ஒன்றுமில்லை.

அண்மையில் வகுப்பில் இரு நெற்றுகளை மேசைமேல் வைத்து, எம்மரத்தின என்று கேட்டேன். பயறினக் குடும்பத்தின் ஆங்கிலப் பெயரைப் பலரும் சொன்னார்கள். மரத்தைக் கேட்டபோது, "முள்ளுமரமுங்க ஐயா" என்றார்கள். ஆட்டுப்பட்டி உள்ள வீட்டிலிருந்து வரும் இருவர் மட்டுமே எழுந்து, "இது வெள்ளவேலாங்காயிங்க, அது கருவேலாங்காயிங்க, பாசி கோத்தமாதிரி எடையெடைக்கு ஒடுங்கியிருக்கும் பாருங்க" என்றார்கள். தேர்வுத்தாளில் அவ்விருவர்க்கும் அதற்கு மதிப்பெண் இல்லை.

இது மொழிக்கு மட்டும் நேரும் இழப்பன்று. நம் கிழக்கே காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை எண்ணிப் பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல். மழை குன்றிய ஆண்டிலும் புல்லுக்கு நிழலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நெற்றும் தருவது அம்மரம். வெள்வேலைச் சீமைக்கருவேலினின்று பிரித்தறியாதவன் எதை வெட்டுவான், எதை விடுவான்? இரண்டும் அவனுக்கு முள்ளுமரமே.

உழவிலும் அவ்வாறே. பயறினத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன என்பதைச் செருமானியராகிய எல்ரீகலும் வில்பார்த்தும் 1880-களில் நிறுவினர். நம் உழவர்க்கு அந்நுண்ணுயிர் தெரியாது. எனினும் சோளத்தினூடே தட்டைப்பயறும் மொச்சையும் துவரையும் விதைத்தனர். கொழுஞ்சியையும் சணப்பையையும் மடக்கி உழுதனர். எது எந்நிலத்துக்கு ஆகும் என்ற அறிவு அப்பெயர்களோடு ஒட்டியே தலைமுறை தலைமுறையாக வந்தது. இன்று பல்லடத்தைச் சுற்றி மக்காச்சோளமும் கோழிப்பண்ணையும் விசைத்தறியும் பெருகிவிட்டன. பிழைப்புக்கு வழி தேடியவரைக் குறைகூற நான் வரவில்லை. காடு மாறினாலும் காட்டைப்பற்றிய அறிவு ஏட்டிலேனும் நிற்கவேண்டும் என்கின்றேன்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்து 1909-இல் கோவைக்கு வந்த பழைய உலர்செடித் தொகுப்பு இன்றும் அங்குள்ளது. செடியைக் காக்கும் இடம் நமக்கு அருகிலேயே இருக்கின்றது. பெயரைக் காக்கும் ஏடு நம் கையில் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பயறினச் செடிகளை மட்டுமேனும் தொகுக்கத் தொடங்குங்கள். ஒரு குறிப்பேடு போதும். ஊர்ப்பெயர், செடியின் பெயர், அப்பெயர்க்கு மக்கள் சொல்லும் பொருள், பூ, நெற்று, பயன், சொன்னவரின் அகவை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே செடிக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றையும் திருத்தாதீர்கள். பக்கத்தில் ஒரு கிளையை உலர்த்தி ஒட்டுங்கள். இலத்தீன் பெயரைச் செடிநூல் கற்றவரிடம் கேட்டுப் பின்னர் நிரப்பலாம். ஆடு மேய்ப்பவரிடமும் களையெடுக்கும் தாய்மாரிடமும் முதலில் செல்லுங்கள். அவர்கள்தாம் இத்துறையில் நமக்கு ஆசிரியர்கள்.

சூபாபுல்லுக்கும் கிளைரிசிடியாவுக்கும் யார் பெயரிடுவது என்று கேட்பீராயின், நாம் அறைக்குள் அமர்ந்து சொற்புனைந்து தரவேண்டா. அச்செடியை நாள்தோறும் வெட்டி ஆட்டுக்குப் போடுபவரிடம், "இதை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?" என்று கேளுங்கள். கேட்கப்பட்டால் அவர் சொல்லுவார்.

கோடை முடிவதற்குள் வெள்வேலின் நெற்று உதிர்ந்துவிடும். இவ்வாரமே தொடங்குங்கள்.