வாயிற்படிக்கு வெளியே



யூதர்களின் தொழுகைக் கூடங்களில் ஓய்வு நாளாகிய சனிக்கிழமைதோறும் தோரா ஓதப்பெறுகின்றது. மோசேயின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாக வகுக்கப்பெற்று ஓராண்டுச் சுற்றில் ஓதி முடிக்கப்படும். முடிக்கும் நாளிலேயே முதல் நூலை மீண்டும் தொடங்கிவிடுவர். ஆண்டுதோறும் அதே பகுதிதான் வருகின்றது. கேட்பவருக்கு மட்டும் ஓராண்டு கூடியிருக்கும்.

எலூல் மாதத்தில் ஓதப்பெறும் 'கீ தேட்சே' என்னும் பகுதி ஈண்டுக் கருதத்தக்கது. தமிழில் உபாகமம் என்றும் இணைச்சட்டம் என்றும் வழங்கும் ஐந்தாம் நூலில், 21ஆம் அதிகாரத்தின் இடையே தொடங்கி 25ஆம் அதிகாரத்தோடு முடிவது அது. தோராவின் கட்டளைகள் 613 என்பது மரபுக் கணக்கு. அவற்றுள் 74 இவ்வொரு பகுதியிலேயே உள்ளன என்பர். மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுதல், போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதிருத்தல், கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்தல் என அவை விரிகின்றன.

எல்லாம் இனியவை அல்ல. அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லுமாறு கூறும் சட்டமும் இங்கேதான் இருக்கின்றது. தல்மூத் அறிஞர்கள் அதற்கு நிபந்தனை மேல் நிபந்தனை விதித்தனர். அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்னும் கருத்தும் அந்நூலில் பதிவாகியுள்ளது. மறைநூலை ஓதுவதோடு அதனோடு வழக்காடுவதும் அம்மரபில் வழிபாடே போலும்!

இப்பகுதியின் உயிர்நிலை 24ஆம் அதிகாரத்தில், கடனைப் பற்றிய சில அடிகளில் இருக்கின்றது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் புகலாகாது. அவன் வெளியே நிற்றல் வேண்டும்; கடன்பட்டவனே பொருளைக் கொண்டுவந்து தருவான். திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது. அது அக்குடும்பத்தின் உயிரையே வாங்குவதாகும். கைம்பெண்ணின் ஆடையையும் வாங்கலாகாது. ஏழை தன் மேலாடையை அடகு வைத்திருந்தால், அவன் போர்த்து உறங்குவதற்கு அதனைக் கதிரவன் மறையும்போது திருப்பித் தரவேண்டும்.

ஏறத்தாழக் கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா இதனை மேலும் நுணுக்கமாக்குகின்றது. நீதிமன்றத்தின் வழியாகவன்றி அடகு பெறலாகாது. பெற்ற பின்னரும் தலையணையை இரவிலும் கலப்பையைப் பகலிலும் உரியவனிடம் கொடுத்துவிட வேண்டும். நாள்தோறும் வாங்குவதும் கொடுப்பதுமான இந்த அலைச்சலை நோக்குங்கால், அடகினால் கடன் கொடுத்தவனுக்கு என்ன பயன் என்றே கேட்கத் தோன்றும். சட்டம் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. கடன் கடனாகவே நிற்கின்றது. ஆயினும் தன் வீட்டுக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஏழையிடமே இருக்கின்றது. மனைவி மக்கள் காணப் பிறனொருவன் பாத்திரங்களை உருட்டும் இழிவு அவனுக்கு நேர்வதில்லை.

இன்று வீட்டுக்குள் புக வாயிற்படியைக் கடக்க வேண்டுவதில்லை. கைப்பேசி வழியே கடன் தரும் செயலிகள் சில, கடன்பட்டவரின் தொடர்பு எண்களையும் படங்களையும் அள்ளிக்கொண்டன. தவணை தவறியதும் உறவினருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் செய்தி அனுப்பித் தலைகுனியச் செய்தன. பணத்தைக் காட்டிலும் மானமே இங்கு அடகாயிற்று. திரிகைக் கல்லுக்கு விலக்களித்த பழஞ்சட்டம் இத்தகைய அடகைக் கனவிலும் கண்டிராது.

வேலி போடும் முயற்சிகள் இல்லாமலில்லை. கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் கடன்பட்டவரை அழைப்பதற்கும், பிறரிடம் கடனைப் பற்றிப் பேசுவதற்கும் அமெரிக்கச் சட்டம் 1977இல் தடை விதித்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த நெறிமுறைகள், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அணுகுவதைத் தடுத்தன. வசூலுக்கு வருபவர் இன்னார் என்பதைக் கடன்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும் என்றும் அவை விதித்தன.

மோசேயின் சட்டத்தில் இப்படியொரு விதி தேவைப்படவில்லை. அங்கே கடன் கொடுத்தவன் தன் முகம் தெரிய வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.