மாட்டுக்குப் பார்க்கிறோம், வீட்டில்?

பருவத்துக்கு வந்த பசுவின் வழும்பு கண்ணாடி மாதிரி இருக்கும். கலங்கிச் சீழாக வந்தால் கருப்பையில் நோய் என்று மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறீர்கள். வீட்டுப் பெண்களுக்கு நாற்றத்தோடு வெள்ளைபட்டால் மட்டும் ‘உடம்புச் சூடு’ என்று மோரைக் கொடுத்து விட்டுவிடுகிறோமே! மாதவிலக்கு நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், தாம்பத்தியத்துக்குப் பின் பட்டாலும், அது சூடல்ல. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். கருப்பைவாய்ப் புற்று ஆரம்பத்தில் வலிக்காது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும், 30 வயது தாண்டினால், தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். சில நிமிட வேலைதான். ‘நடவு முடியட்டும்’ என்பார்கள். நடவுக்கு வேறு ஆள் விட்டுக்கொள்ளலாம், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.