மூணு வரியில ஒரு பேக்கேஜ்

டெபியன்லயோ உபுண்டுலயோ ஆப்ட் இன்ஸ்டால்னு தட்டினா ஒரு பேக்கேஜ் வந்து இறங்குதுல்லா? அதை எப்படிக் கட்டுறாங்கன்னு இன்னைக்குப் பேசலாம்.

எங்க நாரோயில் பக்கம் கல்யாணச் சமையல் பாத்திருக்கீங்களா? முந்தின ராத்திரியே காய்கறி வெட்டு தொடங்கிரும். எது முதல்ல, எது பிறகுன்னு தலைமைச் சமையல்காரருக்கு மனப்பாடம். டெபியன்ல அந்த ஆள் பேரு டெப்ஹெல்பர். 1997-ல ஜோயி ஹெஸ் எழுதினது. கம்பைல் பண்ண, டெஸ்ட் ஓட்ட, ஃபைல்களை அதது இடத்துல வைக்க, கடைசியா டெப் ஃபைலா கட்டன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன கமாண்ட். முதல்ல இதையெல்லாம் ரூல்ஸ்ங்கிற ஃபைல்ல நாமளே வரிசையா எழுதணும். 2008-ல டிஎச்-னு ஒரே கமாண்ட் வந்து, அந்த வரிசையைத் தானே பாத்துக்கிட ஆரம்பிச்சுது. இப்போ சாதாரண பேக்கேஜுக்கு ரூல்ஸ் ஃபைல் மூணே வரி.

ஆனா அடைப்பிரதமனுக்குத் தனி ஆள் வேணும்லா? அதுதான் ஆட்-ஆன். பைத்தான் நிரலா? டிஎச்-பைத்தான் தன்னோட வேலையை வரிசையில சரியான இடத்துல செருகிடும். மிச்ச வரிசை அப்படியே ஓடும். ரூபிக்கு ஜெம்2டெப். கேரளத்து பிரவீண் அரிம்ப்ரத்தொடியிலும் மத்த தன்னார்வலர்களும் கிட்லேபை டெபியனுக்குள்ள கொண்டு வந்தப்போ, அதுக்குத் தேவையான ரூபி லைப்ரரிகளையும் தனித்தனிப் பேக்கேஜா ஆக்க வேண்டியிருந்தது. அத்தனைக்கும் ரூல்ஸ் ஃபைலைக் கையால எழுதிக்கிட்டிருந்தா நடக்குமா?

இங்கதான் ஒரு சிக்கல். சமையல்காரர் குடுத்த சாமானைச் சமைப்பார். சாக்குக்குள்ள என்ன கலந்திருக்குன்னு பாக்கிறது வீட்டுக்காரர் வேலை.

2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற எஞ்சினியர், தன்னோட டெபியன் மெஷின்ல எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு தோண்டிப் பாத்து, எக்ஸ்இசட் லைப்ரரிக்குள்ள ஒரு கள்ளக்கதவு இருக்குன்னு உலகத்துக்குச் சொன்னார். அதைத் திறந்துவிடுற ஸ்கிரிப்ட் கிட்ல இல்ல. ரிலீஸ் டார்பால்ல மட்டும் இருந்துச்சு. அது ஓடவச்ச ஸ்கிரிப்ட் என்ன பாத்துது தெரியுமா? இங்க டெபியன் ரூல்ஸ் ஃபைல் இருக்கா, இல்ல ஆர்பிஎம் பில்ட் நடக்குதான்னு. அதாவது, நம்ம ஆட்டோமேஷன் கேள்வி கேக்காம ஓடும்ங்கிறதை நம்பித்தான் திருடன் வந்தான்.

அதுக்காக ஆட்டோமேஷன் வேண்டாம்னு சொல்லல. மூணு வரி மிச்சப்படுத்திக் குடுக்கிற நேரம் எதுக்குன்னு யோசிங்க. புது வெர்ஷன் வந்தா டிஃப் வாசிங்க. டார்பாலையும் கிட் டேகையும் ஒப்பிட்டுப் பாருங்க. லைசென்ஸைப் படிங்க. இந்தப் பொறுப்பை எந்த ஆட்-ஆனும் ஏத்துக்காது.

இந்த வாரம் ஒரு சின்ன டூலை எடுத்துக் கட்டிப் பாருங்க மக்கா. ஆனா பில்ட் பாஸ் ஆயிட்டுன்னு அப்படியே பந்தி பரிமாறிராதீங்க. முதல்ல ருசி பாத்துக்கிடுங்க.