கோலம் போட்டவங்க கூலி கேட்கிறதில்லை

("கட்டற்ற மென்பொருளுக்குக் கூலியில்லாமல் உழைப்பது தொண்டா? ஏமாளித்தனமா?" என்ற பட்டிமன்றத்தில் "தொண்டே!" அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனாங்க. "இவரு ஒரு வருஷமா ராத்திரி ராத்திரி கம்ப்யூட்டர் முன்னாலே உட்கார்ந்தாரே, கையிலே என்ன வந்தது?" என்று. நடுவர் அவர்களே, கையிலே மணிக்கட்டு வலி வந்தது. (சிரிப்பு) அதை நான் மறைக்கலே. ஆனா என் கையிலேயிருந்து என்ன போச்சு, அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று சகோதரி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இப்போ வந்திருக்கேன்.

முதல்லே, கட்டற்ற மென்பொருள்னா என்ன? தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்றேன். மார்கழி மாசம் வாசல்லே கோலம் போடுறீங்க. எதிர் வீட்டு அம்மா வந்து புள்ளியை எண்ணிப் பார்க்கிறாங்க. "பதினஞ்சு புள்ளி, ஊடு புள்ளியா, நேர்ப் புள்ளியா?" என்று கேட்கிறாங்க. மறுநாள் அவங்க வாசல்லே அதே கோலம், நடுவிலே ஒரு தாமரை கூடுதலா! நீங்க வழக்கா போடுறீங்க? சந்தோஷப்படுறீங்க. மாறா, கடையிலே ஸ்டிக்கர் கோலம் விக்கிறான். ஒட்டலாம். ஆனா ஒரு புள்ளியை நகர்த்த முடியுமா? உங்க பொண்ணு அதைப் பார்த்துக் கோலம் கத்துக்க முடியுமா? கிழிஞ்சா இன்னொண்ணு வாங்கணும். காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க முடியாத மென்பொருள் இருக்கே, அது ஸ்டிக்கர் கோலம். எங்களது புள்ளிக் கோலம்! (பலத்த கைதட்டல்)

பயன்படுத்தலாம், பிரிச்சுப் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். இந்த நாலு உரிமைதான் ஐயா. இதுக்காக 1983-லே அமெரிக்காவிலே ரிச்சர்டு ஸ்டால்மன் குனு என்கிற திட்டத்தை அறிவிச்சார். 1991-லே பின்லாந்திலே லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயசு கல்லூரி மாணவர் லினக்ஸை எழுதி ஊருக்குக் கொடுத்தார். எதிரணித் தலைவர் ஐயா சட்டைப்பையிலே ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்கார். அதுக்கு உள்ளே ஓடுறது அந்த லினக்ஸ்தான். ஏமாளிகள் செஞ்சதைச் சட்டைப்பையிலே வச்சுக்கிட்டே எங்களை ஏமாளின்னு சொல்றார்! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, என்னோட ஒரு வருஷக் கணக்குக்கு வர்றேன். தை மாசம் தொடங்கினேன். கடிதம் எழுத, கணக்குப் போட உதவுற ஓர் இலவச மென்பொருளைத் தமிழாக்குற வேலை. சுலபம்னு நினைக்காதீங்க. 'மவுஸ்' என்பதை எலின்னு போடுறதா, சுட்டின்னு போடுறதா? 'ஹோம்' என்பது வீடா, முகப்பா? இதைப் பத்தி மதுரைக்காரர் ஒருத்தரும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தரும் மூணு நாள் வாதம் பண்றாங்க. ஒருத்தருக்கும் பத்துப் பைசா கிடையாது! முன்னாலே ஓர் இயந்திரத்தை மொழிபெயர்க்க விட்டிருக்காங்க. 'டிரைவ்'னு இருந்த இடத்திலே அது 'ஓட்டு'ன்னு போட்டிருந்தது. நான் தேர்தல் தேதி அறிவிச்சுட்டாங்களோன்னு பயந்துட்டேன். (சிரிப்பு) இயந்திரத்துக்குத் தமிழ் தெரியணும்னா, தமிழ் தெரிஞ்ச மனுஷன் உட்கார்ந்து திருத்தணும் ஐயா. தமிழ்லே வேலை செய்யுற மென்பொருளை யாராவது செஞ்சு கொடுப்பாங்கன்னு காத்திருக்கிறவங்க காத்துக்கிட்டேதான் இருப்பாங்க.

சித்திரையிலே புத்தகத்துக்கு வந்தேன். 1949-லே பாரதியார் பாட்டுகளோட உரிமையைச் சென்னை அரசு வாங்கி, பின்னாலே மக்களுக்கே பொதுவாக்கியது. அந்த வழியிலே எத்தனையோ எழுத்தாளர்களோட நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கு. அப்படிப்பட்ட பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமா படம் பிடிச்சு விக்கிமூலத்திலே வச்சிருக்காங்க. இடப்பக்கம் எழுத்துப் பெட்டி, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தோட படம். இயந்திரம் படத்தைப் பார்த்து எழுத்தாக்கித் தரும். ஆனா அதுக்கு 'ர'வும் காலும் ஒண்ணாத் தெரியும். 1978-லே அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யுறதுக்கு முன்னாலே அச்சான புத்தகத்திலே 'லை', 'னை' எல்லாம் துதிக்கையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். அதைக் கண்டா இயந்திரம் திணறிப் போயிடும். (சிரிப்பு) அங்கேதான் நாங்க உட்கார்ந்து ஒவ்வொரு வரியா ஒப்பிட்டுத் திருத்துறோம். ஒருத்தர் திருத்தினா பக்கம் மஞ்சளாகும். இன்னொருத்தர் சரிபார்த்தாத்தான் பச்சையாகும். தினம் ரெண்டு பக்கம். அவ்வளவுதான் என்னாலே முடிஞ்சது.

என் மனைவி கேட்டாங்க, "வீட்டுக்கணக்கு நோட்டிலே ஒரு வரி எழுத நேரமில்லே, ஊரான் புத்தகத்துக்குப் பிழை திருத்துறீங்களா?" என்று. (சிரிப்பு) நாலு மாசம் கழிச்சு அவங்களே பக்கத்திலே வந்து உட்கார்ந்து, "இந்த வரியிலே ஒற்று விட்டுப்போச்சு பாருங்க" என்றாங்க. நடுவர் அவர்களே, எங்க வீட்டிலே பல வருஷத்துக்கப்புறம் நாங்க சண்டையில்லாம ஒண்ணா பார்த்த ஒரே திரை அதுதான்! (பலத்த சிரிப்பு)

இந்த வேலை என்னாலே தொடங்கினது இல்லீங்க. 1998-லே கல்யாணசுந்தரம் என்கிறவர், சுவிட்சர்லாந்திலே இருந்துக்கிட்டு, மதுரைத் திட்டம்னு தொடங்கினார். சங்க இலக்கியத்திலேயிருந்து எல்லாத்தையும் உலகம் பூரா இருக்கிற தமிழர்கள் தட்டச்சு பண்ணித் தந்தாங்க. அதிராம்பட்டினத்து உமர்தம்பி தேனீ என்கிற எழுத்துருவைச் செஞ்சு இலவசமாகவே கொடுத்துட்டு, 2006-லே கண்ணை மூடினார். இவங்களுக்கு என்ன கூலி கிடைச்சது? ஆனா இவங்களை ஏமாளின்னு சொல்ல உங்களுக்கு வாய் வருமா? (கைதட்டல்)

ஐப்பசி பிறந்தது, மழை வந்தது. திறந்த தெருவரைபடத்திலே எங்க ஊருச் சந்துகளை, கால்வாயை, மேட்டுப் பள்ளிக்கூடத்தை வரைஞ்சேன். இது எதுக்குன்னு கேட்டா, 2015 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. சென்னையே தண்ணியிலே நின்னபோது, இந்த வரைபடத்தின் மேலேதான் எந்தத் தெருவிலே வெள்ளம்னு மக்களே குறிச்சாங்க. மழை வந்தப்புறம் வரைபடம் வரைய முடியாது ஐயா. முன்கூட்டியே யாரோ உட்கார்ந்து வரைஞ்சிருக்கணும்.

இப்போ எதிரணித் தலைவர் ஐயாவோட பெரிய கேள்விக்கு வர்றேன். "நீங்க ஓசியிலே உழைக்கிறீங்க, பெரிய கம்பெனிக்காரன் கோடி கோடியா சம்பாதிக்கிறான்" என்றார். உண்மை! நான் ஒத்துக்கிறேன். 2014-லே ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்கிற மென்பொருள்லே ஓட்டை கண்டுபிடிச்சாங்க. உலகத்திலே எத்தனையோ இணையதளக் கதவுக்கு அதுதான் பூட்டு மாதிரி. அதைக் காப்பாத்துறவங்களுக்கு வந்த நன்கொடை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர்! ஐயா, குளத்தை வெட்டினவன் ஏமாளி இல்லே. தண்ணி குடிச்சுட்டுத் தூர்வார ஒரு கூடை எடுக்க மாட்டேன்கிறானே, அவன் நன்றிகெட்டவன். தீர்ப்பு எழுதுறதா இருந்தா அவன் பேரை எழுதுங்க! (நீண்ட கைதட்டல்)

"திறந்து வச்ச வீட்டிலே திருடன் வருவானே" என்றும் கேட்டார். வந்தான். 2024-லே எக்ஸ்-இசட் என்கிற சின்ன மென்பொருள். அதைப் பல வருஷமா சம்பளமில்லாம கவனிச்சவர் ஒரே ஒருத்தர், களைச்சுப் போயிருந்தார். உதவுறேன்னு பொய்ப் பேர்லே ஒருத்தன் வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேலே நல்லபிள்ளையா நடிச்சு, சாவியை வாங்கி, கள்ளக் கதவு வச்சுட்டான். அதைக் கண்டுபிடிச்சது யாரு? ஆந்த்ரஸ் ஃப்ராய்ண்ட் என்கிற பொறியாளர். கம்ப்யூட்டருக்குள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி தாமதம் ஆகுதேன்னு சந்தேகப்பட்டார். தோண்டிப் பார்க்க வழி இருந்தது, பார்த்தார், ஊரைக் கூட்டினார். பூட்டின வீட்டுக்குள்ளே இருந்திருந்தா பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்குமா? ஆனா அந்தக் கதையிலே எனக்குக் கண் கலங்குற இடம் வேற. அந்தத் தனி மனுஷன் பக்கத்திலே உண்மையான தொண்டர் இன்னும் நாலு பேர் இருந்திருந்தா, திருடனுக்கு இடமே கிடைச்சிருக்காது. தொண்டர் அதிகமா இருந்ததாலே வந்த ஆபத்து இல்லே ஐயா, குறைஞ்சதாலே வந்தது!

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சுடறேன் ஐயா. ஒரே ஒரு செய்தி. மார்கழியிலே ஒரு கூட்டத்திலே பார்வையில்லாத ஆசிரியர் ஒருத்தரைச் சந்திச்சேன். அவர் கம்ப்யூட்டர்லே என்.வி.டி.ஏ. இருக்கு. ஆஸ்திரேலியாவிலே பார்வையில்லாத ரெண்டு இளைஞர்கள் 2006-லே தொடங்கி, திரையிலே இருக்கிறதைப் படிச்சுச் சொல்ல இலவசமா செஞ்சு கொடுத்த மென்பொருள். அது எழுத்தைப் படிக்கும். பக்கத்தோட படத்தைக் கொடுத்தா, எழுத்தைப் படிக்கிற மாதிரி அதை நேரடியா படிக்க முடியாது. நாங்க திருத்தின ஒரு பழைய புத்தகத்தோட பேரைச் சொல்லி அவர் சொன்னார்: "இத்தனை வருஷமா யார் கையையாவது பிடிச்சு 'ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இதை ராத்திரி ரெண்டு மணிக்கு, யாரையும் எழுப்பாம நானே படிச்சேன் சார்."

(அரங்கம் அமைதி. பிறகு நீண்ட கைதட்டல்)

சகோதரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். என் கையிலேயிருந்து போனது தினம் ரெண்டு பக்கம். அது போய்ச் சேர்ந்த இடம் அந்த ராத்திரி ரெண்டு மணி. கூலி கொடுத்திருந்தா வாங்கியிருப்பேன், கொடுக்காட்டியும் செஞ்சிருப்பேன். வீட்டிலே இருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, தினம் ஒரு பக்கம் போதும். கட்டற்ற மென்பொருளுக்கும் திறந்த அறிவுக்கும் கூலியில்லாமல் உழைப்பது தொண்டே, தொண்டே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.